கால் பாகம் வரைந்தால் போதும்
நடுவில் துளையுள்ள தகட்டை இரு முனையிலும் இழுப்பது போல வடிவமும் விசையும் சமச்சீராக இருந்தால், ஃபைனைட் எலிமென்டில் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) முழுசாக வரையாதீர்கள், கால் பாகம் போதும். வெட்டிய முகங்களில் அந்தந்த முகத்துக்குச் செங்குத்தான நகர்வைப் பூஜ்யமாக்குங்கள், முனையின் அகலமும் பாதியாவதால் அங்கே விசை பாதிதான் (பலரும் இதைத்தான் மறப்பார்கள்).

3டி மாடலில் டைரக்ட் சால்வர் (சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்கும் நிரல்) எடுக்கும் நேரம், கணுக்களின் (துண்டுகள் இணையும் புள்ளிகள்) எண்ணிக்கையின் கிட்டத்தட்ட வர்க்கமாக ஏறும், அதனால் கணுக்கள் கால்வாசியானால் நேரம் ஏறக்குறைய 16-இல் ஒரு பங்கு. சிங்கப்பூரில் என்டியூ, என்யூஎஸ் பல்கலைக்கழகங்களில் பிஎச்டி செய்பவர்கள் கிளஸ்டர் (பலர் பகிரும் கணினித் தொகுப்பு) வரிசையில் காத்திருக்காமல் சொந்த லேப்டாப்பிலேயே ஓட்டிவிட்டு, அதற்குள் கோப்பிக்கடைக்கும் போய்வரலாம்.

பக்லிங் (அழுத்தத்தில் திடீரென வளைந்துபோவது), அதிர்வு மோடு (பொருள் இயல்பாக அதிரும் வடிவம்) கணக்குகளுக்கு மட்டும் கால் பாகம் வேண்டாம், எதிர்ச்சமச்சீர் வடிவங்கள் (ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமும் நகர்பவை) சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். சாய்ந்த இழைகளுள்ள காம்போசிட்டுக்கும் (இழை சேர்த்த கூட்டுப்பொருள்) பெரும்பாலும் ஒத்துவராது.