ஒலித்துளையில் இலையும் கொடியும் வெட்டும்போது பலகை ஏன் உடைகிறது?

யுகுலேலே என்ற சின்ன நான்கு தந்திக் கருவியைச் செய்யும்போது, மேல்பலகையில் ஒலிக்காக வெட்டும் வட்டத் துளைக்குப் பதிலாக இலை, கொடி, இதயம் என்று வெட்ட ஆசைப்படுகிறவர்கள், தாளில் அழகாக வந்த படத்தை அப்படியே மேல்பலகைக்கு மாற்றிவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. தாளில் வரையும்போது ரேகையைப் பற்றிக் கவலையில்லை, ஸ்ப்ரூஸ் மரப் பலகையில் ரேகை, அதாவது நார் ஓடும் திசை, உண்டு. 2 மில்லிமீட்டர் கனமே உள்ள பலகை அந்த ரேகை வழியாகத்தான் பிளக்கும்.

நான் முதலில் வெட்டிய கொடியில், இரண்டு இலைகளை இணைக்கும் காம்பு ரேகைக்குக் குறுக்கே போனது. அகலம் 3 மில்லிமீட்டர் இருக்கும். எல்லாம் வெட்டி முடித்து, உப்புத்தாளால் கடைசியாக ஒருமுறை தேய்த்தபோது ‘டிக்’ என்று முறிந்து மேஜையில் விழுந்தது. மெல்லிய பகுதிகள் ரேகையோடு ஓடும்படி படத்தைத் திருப்பி வையுங்கள். முடியாத இடத்தில், பின்பக்கம் வெனீர் என்ற மெல்லிய மரத்தகட்டை அதன் ரேகை குறுக்காக வரும்படி ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்திக் கருவியில் ‘ரோஜா’ என்ற பின்னல் வடிவ ஒலித்துளையை மேல்பலகையிலேயே குடைவார்கள். உள்ளே பார்த்தால் அதன் பின்னால் குறுக்கே சின்னச் சின்னச் சட்டங்கள் ஒட்டியிருக்கும்.

அடுத்தது கூர்மூலை. இதயத்தின் கீழ்முனையை ஊசிபோல் வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். முதலில் அந்த இடத்தில் 1.5 மில்லிமீட்டர் துளை போட்டு, வெட்டு அதில் வந்து முடியட்டும். பார்வைக்குக் கூர்மையாகவே தெரியும். தஞ்சாவூர் வீணையின் பலகையில் வட்டமாக அடுக்கிய சிறு துளைகளைப் பாருங்கள், ஒரு மூலைகூட இல்லை, என்ன அழகு!

டிரில் போடும்போது அடியில் கழிவுப் பலகை ஒன்றை இறுக்கிப் பிடிக்காவிட்டால் பின்பக்கம் சிராய் சிராயாகப் பெயரும். கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டாமல் அரை மில்லிமீட்டர் மிச்சம் விட்டு, ஊசி அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மேல்பலகையைத் தாங்க உள்ளே ஒட்டும் சட்டங்கள் வரும் இடத்தைப் பென்சிலால் குறித்த பிறகே படத்தை வையுங்கள்.

சரி, எவ்வளவு பெரிதாக வெட்டலாம்? துளை பெரிதானால் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அதிர்வெண் ஏறும், கீழ்ச்சுரங்களின் கனம் குறையும். வட்டத் துளையின் பரப்பைக் கணக்கிட்டு அதே பரப்புக்கு இலைகளை வெட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2015-இல் வயலினின் எஃப் (f) வடிவத் துளைகளைப் பற்றி அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, காற்று பெரும்பாலும் துளையின் ஓரத்தை ஒட்டியே ஓடுகிறது என்று காட்டியது. ஆக, ஓரம் நீளமான இலை வடிவத்துக்குக் குறைந்த பரப்பே போதும். கொஞ்சம் சிறிதாகவே வெட்டி, தந்தி கட்டிக் கேட்டுவிட்டு, போதவில்லை என்றால் அரத்தால் ஓரத்தைச் சற்று அகட்டிக்கொள்ளலாம்.