மேசன் சூத்திரத்தைப் பருத்தித்துறை வீதியில் போட்டுப் பார்ப்போம்

சிக்னல் எப்படிப் போகிறது என்று காட்டும் படத்துக்கு சிக்னல் ஃப்ளோ கிராஃப் என்று பெயர். ஒன்று கீறுவோம். கொப்பியில் ஆறு புள்ளிகளை வரிசையாக வையுங்கள்: யாழ்ப்பாணம், கோப்பாய், நீர்வேலி, புத்தூர், நெல்லியடி, பருத்தித்துறை. பஸ் போகிற ஒழுங்குதான். இவை கணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு சிக்னல். இடையில் போடுகிற அம்புக்கோடு கிளை. அதன் மேல் எழுதுகிற எண் கெயின். கோட்டில் போகிற சிக்னலை அது பெருக்கும். ஒரு கணுவுக்குள் வருபவை எல்லாம் கூடும்.

முன்னோக்கிய கெயின்கள் வரிசைப்படி 1, 2, 3, 4, 1. நீர்வேலியிலிருந்து கோப்பாய்க்குத் திரும்பும் கோடு −1. நெல்லியடியிலிருந்து புத்தூருக்கும் −1. அப்புறம் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே புத்தூருக்கு ஒரு கோடு, கெயின் 5. சுன்னாகம் சுற்றிப் போகிறோம் என்று வையுங்கள்.

பருத்தித்துறையை யாழ்ப்பாணத்தால் பிரித்தால் என்ன வரும்? அதுதான் ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். சாமுவேல் மேசன் 1950களில் தந்த சூத்திரம் இதற்குத்தான்.

முதலில் பாதைகள். எந்தக் கணுவையும் இரண்டு தரம் தொடக்கூடாது. கோப்பாய் வழி: 1×2×3×4×1 = 24. சுன்னாக வழி: 5×4×1 = 20.

அடுத்தது லூப்கள், அதாவது வெளிக்கிட்ட ஊருக்கே திரும்பி வரும் சுற்றுகள். கோப்பாய்–நீர்வேலி: 2×(−1) = −2. புத்தூர்–நெல்லியடி: 4×(−1) = −4. இரண்டுக்கும் பொதுவான ஊர் இல்லை, ஆகவே ஒன்றையொன்று தொடாதவை.

டெல்டா = 1 − (லூப்களின் கூட்டுத்தொகை) + (தொடாத சோடிகளின் பெருக்கங்களின் கூட்டுத்தொகை). மூன்று லூப்கள் தொடாமல் நின்றால் அவற்றின் பெருக்கத்தைக் கழிக்கவேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. 1 − (−6) + 8 = 15.

இனித்தான் நான் சோதனையில் வழுக்கி விழுந்த இடம். ஒவ்வொரு பாதைக்கும் சொந்த டெல்டா உண்டு: அந்தப் பாதை தொடுகிற லூப்களை அழித்துவிட்டு, மிச்சத்துக்கு டெல்டா எழுதவேண்டும். கோப்பாய் வழி இரண்டு லூப்களையும் தொடுகிறது, எனவே 1. சுன்னாக வழி கோப்பாய்ப் பக்கமே போகவில்லை. அந்த லூப் உயிரோடு நிற்கிறது. ஆகவே 1 − (−2) = 3. நான் இதற்கும் 1 போட்டு 44/15 என்று எழுதி வைத்தேன்.

மேசன் சொல்வது: ஒவ்வொரு பாதையின் கெயினையும் அதன் டெல்டாவால் பெருக்கிக் கூட்டி, மொத்த டெல்டாவால் பிரியுங்கள். சரியான விடை: (24×1 + 20×3) / 15 = 5.6.

நம்பிக்கை இல்லையா? யாழ்ப்பாணத்தில் 1 கொடுங்கள். கோப்பாய் = 1 − நீர்வேலி, நீர்வேலி = 2×கோப்பாய்; நீர்வேலி 2/3 வரும். புத்தூர் = 3×(2/3) + 5 − நெல்லியடி, நெல்லியடி = 4×புத்தூர். தீர்த்தால் நெல்லியடி 5.6, பருத்தித்துறையும் அதுவே. பழகும்வரை இப்படி ஒருதரம் சரிபாருங்கள், பிழை உடனே பிடிபடும்.

சரி, ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷனில் வழக்கமாக வரும் எஸ் (லாப்லாஸ் மாறி) எங்கே? கோப்பாய்–நீர்வேலி கெயின் 2ஐ அழித்து 1/எஸ் போடுங்கள், அதாவது ஒரு இன்டகிரேட்டர், சிக்னலை நேரத்தோடு தொகையிடுவது. முதல் பாதை 12/எஸ், முதல் லூப் −1/எஸ், டெல்டா 5 + 5/எஸ், சுன்னாக வழியின் டெல்டா 1 + 1/எஸ். மேலும் கீழும் எஸ்ஸால் பெருக்கினால் (20எஸ் + 32) / (5எஸ் + 5). கீழே உள்ளதைப் பூச்சியமாக்கும் எஸ்தான் போல் (pole); அது −1இல் நிற்கிறது.