வீட்டுக்கு ஒட்சிசன் மெஷின் வந்தால்: முதல் வாரங்களுக்கான செய்முறை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு வாசலில் அந்த மெஷினை இறக்கி வைத்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை யூனிட் இழுக்கும்?" அடுத்த கேள்வி, "எனக்கு என்னத்துக்கு இது?" 40 வருடம் விறகடுப்பில் இடியப்பம் அவித்து விற்றவர். பீடி, சுருட்டுத் தொட்டதே இல்லை. ஆனால் அடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுத்து சிஓபிடி (காற்றுவழி ஒடுங்கி நாள்பட மூச்சு வாங்கும்) நோயைக் கொண்டுவரும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. சிஓபிடிக்காக டொக்டர் கொன்சன்ட்ரேட்டர் (அதுதான் இந்த ஒட்சிசன் மெஷின்) எழுதித் தந்து, அதை எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: இடம் பார்த்து வையுங்கள்

பெட்டிக்குள் ஒட்சிசன் அடைத்து வைக்கப்பட்டில்லை. அறைக் காற்றில் 21 வீதம் ஒட்சிசன், 78 வீதம் நைதரசன். மெஷின் அந்தக் காற்றை உறிஞ்சி ஸியோலைட் மணிகளுக்குள் அழுத்தும். நைதரசன் அங்கே ஒட்டிக்கொள்ள, சுமார் 90 வீதத்துக்கு மேல் ஒட்சிசன் உள்ள காற்று வெளியே வரும். ஆகவே சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், சுவர் பிளக்கில் நேரே கொடுங்கள். சத்தம் நித்திரையைக் கெடுத்தால் மெஷினை ஹோலில் வைத்து நீண்ட குழாயை அறைக்குள் எடுக்கலாம். 15 மீற்றர் வரை பெரும்பாலான மெஷின்கள் தாங்கும். குழாய் காலில் தடக்காமல் சுவரோரமாகப் போகட்டும்.

தூசி வடிகட்டியைக் கிழமைக்கு ஒருதரம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் போட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாங்கள் இரண்டு தரம் கழுவுகிறோம்.

படி 2: தண்ணீர், குழாய், அளவு

ஈரப்பதப் போத்தல் தந்திருந்தால் கொதித்தாறிய தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ கோட்டுக்கு மேல் போகாமல் விடுங்கள். தினமும் மாற்றுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதை விட்டால் போத்தலில் வெள்ளை படியும்.

அளவைக் காட்டும் குண்டின் நடுப்பகுதி, டொக்டர் எழுதிய கோட்டில் நிற்க வேண்டும். காற்று வருகிறதா என்று சந்தேகமா? மூக்குக் குழாயின் நுனியை ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடியுங்கள். குமிழி வந்தால் சரி.

மூச்சு வாங்குகிறது என்று அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். சிஓபிடி உள்ள சிலருக்கு ஒட்சிசன் அதிகமானால் இரத்தத்தில் கரியமிலவாயு சேரும். காலையில் தலையிடி, எழுப்பினாலும் தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் அதன் அறிகுறிகள். இப்படிப்பட்டவர்களுக்கு விரல் மீற்றரில் (விரலில் மாட்டினால் இரத்தத்தின் ஒட்சிசன் அளவை வீதத்தில் காட்டும் கருவி) 88க்கும் 92க்கும் இடையில் நிற்பதே இலக்கு. 99 காட்ட வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது.

மூக்குக் காய்ந்தால் தேங்காய் எண்ணெய் தடவுவது எங்கள் கைப்பழக்கம். அதை விடுங்கள், வாசலினும் வேண்டாம். ஒட்சிசனோடு சேர்ந்தால் எண்ணெய்ப்பசை இலேசில் தீப்பிடிக்கும். தண்ணீரில் கரையும் ஜெல் எது என்று பாமசியில் கேளுங்கள்.

படி 3: நெருப்பு

விளக்கு, சாம்பிராணி, நுளம்புச் சுருள், அடுப்பு, சிகரெட் எதுவானாலும் குழாயிலிருந்து 3 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். ஒட்சிசன் உடுப்பிலும் தலைமயிரிலும் தங்கும். குழாயைக் கழற்றி மெஷினை நிறுத்தி, 20 நிமிடமாவது காற்றாட இருந்த பிறகே அம்மா சாமியறைக்குப் போவார். முதலில் கோபப்பட்டார். இப்போது அந்த 20 நிமிடத்தில் பூக்கட்டுகிறார்.

படி 4: மணிக்கணக்கைப் பழக்குங்கள்

வழக்கமாக எழுதித் தருவது ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது. நித்திரை நேரத்தையே முதலில் பிடியுங்கள். இரவு 9 முதல் காலை 6 வரை 9 மணி நேரம் அப்படியே வந்துவிடும். மிச்சம் 6 மணி நேரத்தை உட்கார்ந்திருக்கும் வேளைகளில் சேர்க்கலாம். காதுக்குப் பின்னால் குழாய் உரசிப் புண்ணாகும், அங்கே மெல்லிய பஞ்சு வையுங்கள்.

"பழகிப்போனால் பிறகு விட ஏலாது" என்று அயலட்டைச் சனம் பயமுறுத்தும். ஒட்சிசன் போதைப்பொருள் இல்லை, உடம்பு அதற்கு அடிமையாவதும் இல்லை.

மின்கட்டணம்தான் உண்மையான பயம். நிமிடத்துக்கு 5 லீற்றர் வரை தரும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 15 மணி நேரத்துக்கு 5 யூனிட்டுக்குச் சற்று மேல், மாதத்துக்கு ஏறக்குறைய 157 யூனிட். அம்மா இரவில் எங்களுக்குத் தெரியாமல் மெஷினை நிறுத்தியது நோயை நம்பாததால் அல்ல, பிள்ளைகளுக்குச் செலவு வைக்க மனமில்லாததால். கணக்கை மறைக்காமல் அவர் முன்னால் வைத்துப் பேசிய பிறகுதான் அது நின்றது. உங்கள் வீட்டிலும் மெஷின் அடிக்கடி 'தானாக' நின்றால் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

படி 5: "இது தேவைதானா?" என்ற சந்தேகம் வரும்போது

2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. அம்மா சாய்மனைக் கதிரையில் சும்மா இருந்தார். "பார் பிள்ளை, ஒண்டும் ஆகேல்லயே. சும்மா கரண்டைக் கரியாக்கிறம்" என்றார். விரல் மீற்றர் 84 காட்டியது. மெல்ல மெல்லக் குறைந்த ஒட்சிசனுக்கு உடம்பு பழகிவிடும், மூச்சு முட்டாது. ஆனால் நுரையீரலுக்குப் போகும் நாளங்களில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும். எனவே சந்தேகத்தைத் தீர்க்க உணர்வு போதாது, அளவு வேண்டும்.

1981இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், ஒட்சிசன் மிகவும் குறைந்திருந்த 87 பேரைப் பார்த்தார்கள். நாளுக்கு 15 மணி நேரமாவது ஒட்சிசன் எடுத்த 42 பேரில் ஐந்து வருடத்துக்குள் இறந்தவர்கள் 19. எடுக்காத 45 பேரில் 30. மறுபக்கம், 2016இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஓய்வில் விரல் மீற்றர் அளவு 89 முதல் 93 வரை இருந்தவர்களுக்கும், நடக்கும்போது மட்டும் குறைந்தவர்களுக்கும் ஒட்சிசன் ஆயுளைக் கூட்டவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதையும் குறைக்கவில்லை. ஆகச் சந்தேகப்படுவது பிழையல்ல. நெஞ்சுச் சளியோடு வார்டில் இருந்து, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது மெஷின் தந்திருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு அதற்குள் தேவை இல்லாமல் போயிருக்கும். அதை முடிவு செய்வது நாடி இரத்தப் பரிசோதனையும் டொக்டரும். அதுவரை நிறுத்தாதீர்கள்.

ஒரு கொப்பி போடுங்கள். மெஷினோடு இருக்கும்போது ஓர் அளவு, குளிக்கவோ கும்பிடவோ எப்படியும் கழற்றும் நேரத்தில் அமைதியாக உட்கார்ந்து இன்னோர் அளவு. விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு, மருதாணி இருந்தாலும் மீற்றர் பிழையாகக் காட்டலாம். எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து எழுதுங்கள்.

உதடு நீலமாகி, பேச முடியாமல் மூச்சு வாங்கினால் கொப்பியை விட்டுவிட்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கரண்ட் போகும் நாட்களுக்குச் சிறிய சிலிண்டர் ஒன்று எப்படி எடுப்பது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மூன்றாம் மாதம் அந்தக் கொப்பியோடு கிளினிக் போனோம். டொக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், நாடியில் இரத்தம் எடுத்தார். மெஷின் தொடர வேண்டும் என்றார். அம்மாவின் முகம் வாடியது. "நாள் முழுக்க மாட்டிக்கொண்டு இருக்கவோ?" என்று கேட்டார். 15 மணி நேரம் போதும், 24 மணி நேரம் எடுத்தவர்களுக்கு அதைவிட நன்மை கிடைக்கவில்லை என்று 2024இல் சுவீடனில் 241 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார் அவர். இப்போது பின்னேரம் 5 மணிக்கு அம்மா குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டோவில் டச் பே கடற்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். விரல் மீற்றர் கைப்பையில் இருக்கும்.