விதை நெல்லுக்கு உப்புத்தண்ணீர் கரைப்பது எப்படி

விதை நெல்லை வெறும் தண்ணீரில் கொட்டி, மேலே வந்ததை அரித்து எறிந்துவிட்டு, தரம் பிரிச்சாச்சு என்று சாக்கில் கட்டுகிறவர்கள் நம் டெல்டாவில் இன்னும் நிறையப் பேர். அதில் போவது பதர் மட்டும்தான். பாதி பால் பிடித்து நின்றுபோன கருக்காய் வெறும் தண்ணீரில் நல்ல நெல்லோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நாற்றங்காலில் முளைத்தும் வரும், நாற்றுதான் நோஞ்சானாக நிற்கும். அதை மேலே கொண்டுவர வேண்டுமானால் தண்ணீரின் அடர்த்தியைக் கூட்ட வேண்டும்.

10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் ஒன்றரை கிலோ உப்பு வேண்டும். வேதாரண்யம் கல் உப்பே போதும், அயோடின் கலந்த பாக்கெட் உப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஒரு பெரிய அண்டாவில் தண்ணீரை ஊற்றி, புது முட்டை ஒன்றை மெதுவாக உள்ளே விடுங்கள். நேராக அடிக்குப் போகும். இப்போது உப்பைப் பிடி பிடியாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கரையும்வரை துழாவுங்கள். ஒரு கட்டத்தில் படுத்திருந்த முட்டை ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும், அப்புறம் அடியை விட்டு மேலே வரும். அதன் முதுகு பழைய நாலணா காசு அளவுக்குத் தண்ணீருக்கு வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்திவிடுங்கள். (நாலணா 2011லேயே செல்லாமல் போய்விட்டது, விதை நேர்த்தியில் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.)

முட்டை பழசாக இருக்கக் கூடாது. நாள்பட்ட முட்டைக்குள் காற்று கூடிவிடும், உப்பு பாதி சேரும் முன்பே மிதந்து ஏமாற்றிவிடும்.

உப்பு கரைந்தால் என்ன ஆகிறது? கட்டியாக இருக்கும் ஒன்றரை கிலோ உப்பு, கல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கழித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட 700 மில்லி இடத்தை அடைக்கும். அதே உப்பு 10 லிட்டரில் கரைந்ததும் மட்டம் அரை லிட்டர் அளவுக்குத்தான் ஏறும், ஏனென்றால் உப்பு சோடியமும் குளோரைடுமாகப் பிரிந்து, சுற்றியுள்ள தண்ணீரையும் நெருக்கி இழுத்துக்கொள்கிறது. எடையோ ஒன்றரை கிலோ முழுசாகக் கூடிவிட்டது. ஆக 11.5 கிலோ, பத்தரை லிட்டருக்குள். ஒரு லிட்டர் அளந்து மளிகைக்கடைத் தராசில் வைத்தால் சுமார் 1.09 கிலோ காட்டும். புது முட்டையின் அடர்த்தி 1.08 பக்கம் என்பதால்தான் அது லேசாகத் தலைகாட்டுகிறது. அப்படியென்றால் கடல் தண்ணீரையே கொண்டுவந்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: அதில் லிட்டருக்கு 35 கிராம்தான் உப்பு, அடர்த்தி 1.025, முட்டை அதில் மூழ்கிவிடும்.

எடைக்கணக்கை நம்பி முட்டையை விட்டுவிடாதீர்கள். ஈரம் கோத்த கல் உப்பு எடையில் கூடக் காட்டும். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீரிலோ ஏற்கெனவே உப்பு இருக்கலாம். அந்தப் பகுதியில் மழைத்தண்ணீர் மணலுக்குள் உப்புநீரின் மேலே மிதந்துதான் நிற்கிறது, அதுவும் இதே அடர்த்தி விவகாரம்தான், மோட்டாரை விடாமல் ஓட்டினால் கீழே இருக்கும் உப்பு மேலேறி வந்துவிடும்.

சரி, முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். சுணை உள்ள பாரம்பரிய ரகமானால் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கலக்குங்கள், காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நல்ல நெல்லும் மிதக்கும். மிதப்பதைச் சல்லடையால் அரித்துவிட்டு, அடியில் நிற்பதை உடனே எடுத்துவிடுங்கள், ஊறப்போட வேண்டாம். அடுத்த ஈடுக்கு அதே தண்ணீர் போதும், முட்டையை மறுபடி விட்டுப் பார்த்து, இறங்கியிருந்தால் உப்பு சேருங்கள்.

எடுத்த விதையை நல்ல தண்ணீரில் மூன்று தடவையாவது அலசுங்கள். ஒரு நெல்லை நாக்கில் வைத்தால் கரிக்கக் கூடாது, உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். அதற்குப் பிறகு வழக்கம்போல ஊறவைத்து மூட்டம் போடலாம் (சாக்கில் கட்டி மூடி முளைக்க விடுவது). அரித்த கருக்காயை அலசிக் காயவைக்காமல் கோழிக்குப் போடாதீர்கள், மிஞ்சிய உப்புத்தண்ணீரை நாற்றங்கால் வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.