ஃப்ளூ ஊசி: எங்கள் வீட்டுக் கணக்கு

புரட்டாசி பிறந்தாலே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு. மூன்று வருடம் முன்பு ஐப்பசி மழையில் வந்த ஃப்ளூ அவளை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. அதுவரை "வருஷா வருஷம் ஊசியா?" என்று கேட்டவன்தான் நானும்.

முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 65 தாண்டியவர், கர்ப்பிணி, ஐந்து வயதுக்குள் குழந்தை, சர்க்கரையோ ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர் இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுவதே நல்லது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் போடக்கூடாது. சுற்றியிருக்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குக் காப்பு. திடமான முப்பது வயதுக்காரர் என்றால் காசையும் யோசிக்கலாம், தனியாரில் ஆயிரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அவர் வீட்டில் என் அம்மா மாதிரி ஒருவர் இருந்தால்? நான் அதனால்தான் போட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் மாதம். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும், அதனால் வடகிழக்கு மழைக்கு முன்பே போட வேண்டும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 2 முறை மருந்தின் கலவையைப் பரிந்துரைக்கிறது. எனவே புதுசுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊசியால் ஃப்ளூ வராது, அதில் இருப்பது செயலிழந்த வைரஸ். சாதாரண ஜலதோஷத்தை அது தடுக்கவும் தடுக்காது. முன்பு போட்டபோது கடும் அலர்ஜி வந்திருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கை ஒரு நாள் வலிக்கும். அம்மா இடது கையைத்தான் நீட்டுவாள். வலது கை வலித்தால் கோலம் யார் போடுவது என்பாள்.