‘போர்ட்’ வரும் ஆங்கிலச் சொற்களை இனம் பிரித்துப் படிக்கும் முறை

ஆங்கிலச் சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, ஒரே எழுத்துத் தொடர் கொண்டவற்றைத் திரட்டி ஒன்றாகப் படித்தால் பொருள் எளிதில் மனத்தில் நிற்கும். பி, ஓ, ஆர், டி என்னும் நான்கெழுத்துகள் இதே வரிசையில் வரும் சொற்களைக் கொண்டு செய்முறையை விளக்குகிறேன்.

முதலில், ஒன்லுக் என்னும் அகராதித் தேடுதளத்தில் அந்நான்கெழுத்தின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி இட்டுத் தேடுங்கள். அத்தொடர் சொல்லின் எவ்விடத்தில் வந்தாலும் பட்டியலில் கிடைக்கும். பன்மை, இறந்தகால வடிவங்களை நீக்கிவிட்டு, அன்றாடம் காணும் சொற்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, முன்னொட்டைப் பிரித்துப் பொருள் காணுங்கள். சுமந்து செல்லுதலைக் குறிக்கும் ‘போர்த்தாரே’ என்னும் லத்தீன் வினையே இங்கு அடிப்படை. உள்ளே கொண்டுவருவது இம்போர்ட். வெளியே கொண்டுசெல்வது எக்ஸ்போர்ட். கீழிருந்து தாங்குவது சப்போர்ட். செய்தியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது ரிப்போர்ட்.

பலரும் தடுமாறுவது மூன்றாம் படியில்தான். எழுத்துகள் ஒத்திருப்பதாலேயே சொற்கள் ஓரினமாகிவிடா. பங்கு எனப் பொருள்படும் போர்ஷன், ‘போர்ஷியோ’ என்னும் வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. உருவப்படத்தைக் குறிக்கும் போர்ட்ரெய்ட், வெளியே இழுத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. ஆப்பர்ச்சூனிட்டி என்பதற்குள் ஒளிந்திருப்பதோ துறைமுகம்: துறையை நோக்கிக் கலத்தைச் செலுத்தும் சாதகமான காற்றைக் குறித்த லத்தீன் அடைமொழியே, பிற்காலத்தில் வாய்ப்பு என்னும் பொருளுக்கு வழிவகுத்தது. மாறாக, தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஸ்போர்ட் உண்மையில் சுமத்தல் இனத்தைச் சேர்ந்தது. மனத்தை வேலையிலிருந்து அப்பால் கொண்டுசெல்வது என்னும் பழைய பிரெஞ்சு வழக்கின் சுருக்கம் அது. ஆகவே, ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் பார்த்த பிறகே அதைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு எடிமான்லைன் தளத்தையே நான் முதலில் நாடுகிறேன். விக்சனரி என்னும் இணைய அகராதி விரிவானதுதான் என்றாலும், தொடக்க நிலையினருக்கு அதன் பக்கங்கள் நெரிசலாகத் தோன்றும். மொழிபெயர்ப்புச் செயலிகள் இவ்வேலைக்கு உதவா.

பின்சேர்க்கை: போர்ட்டர் எந்தக் குழுவில் சேரும் என்று வாசகர்கள் கேட்டிருந்தனர். சுமத்தல், வாயில் என இரண்டு குழுக்களிலும் சேரும். சுமை தூக்குபவரைக் குறிக்கும் போர்ட்டர் ‘போர்த்தாரே’ வழி வந்தது; வாயிற்காவலரைக் குறிக்கும் போர்ட்டர், கதவு எனப் பொருள்படும் ‘போர்த்தா’ வழி வந்தது. பாஸ்போர்ட் என்பதில் உள்ளது துறைமுகமே, சுமை அன்று.

இறுதியாக, சுமத்தல், துறைமுகம், வாயில், பிற என்று பக்கத்தை நான்காகப் பிரித்துச் சொற்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். அடுத்த பயிற்சிக்கு டி, ஏ, ஐ, என் தொடரை எடுத்துக்கொள்ளலாம்: கன்டெய்ன், ரீட்டெய்ன், மெயின்டெய்ன் மூன்றும் பிடித்து வைத்தலைக் குறிக்கும் ஒரே வினையின் வழி வந்தவை, மவுன்டன், கேப்டன், அட்டெய்ன் ஆகியவை அவ்வினத்தில் சேரா.