கொலோசியம் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமுக்கு, அங்குள்ள பழங்கால வட்டரங்கமான கொலோசியத்தைப் பார்க்கச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். நல்ல ஷூ போடுங்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற, ஆரம்பத்தில் நானும் செய்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கொலோசியத்தோடு திரும்பிவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். 18 யூரோ டிக்கெட்டிலேயே பக்கத்தில் இருக்கும் ரோமன் ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்), அரண்மனை இடிபாடுகள் உள்ள பாலடைன் குன்றும் சேர்த்திதான். 24 மணி நேரம் செல்லும். காசு கொடுத்த பிறகும் பலர் உள்ளே ஒரு சுற்று, நாலு செல்ஃபி, அப்புறம் நேராக ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

கோவையிலிருந்து வந்த ஒரு பெரியவர், "அங்க வெறும் இடிஞ்ச தூணுதானுங்களே தம்பி, எதுக்கு நடக்கோணும்?" என்றார். கெஞ்சிக் கூட்டிப்போனேன். சில நிமிட நடையில் டைட்டஸ் வளைவு. அதன் உட்சுவர்ச் சிற்பத்தில், ஏழு கிளைகள் கொண்ட விளக்கு ஒன்றை ரோமர்கள் தோளில் தூக்கி ஊர்வலம் வருகிறார்கள். கி.பி. 70இல் ஜெருசலேம் கோயிலை அழித்து அள்ளிவந்த பொருள் அது. அந்தப் படையை நடத்திய டைட்டஸ்தான், அவர் அப்பாவான பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கிய கொலோசியத்தை 80இல் திறந்துவைத்தவர். கட்டுமானச் செலவுக்கு அந்தப் போரின் கொள்ளைப் பணமே உதவியது என்பது ஆய்வாளர்கள் கருத்து. பெரியவர் விளக்கையும் பார்த்தார், கொலோசியத்தையும் திரும்பிப் பார்த்தார். "அப்போ காசு இங்கிருந்து போனதுங்களா?" என்றார். இந்த வளைவைப் பார்க்காமல் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. அதுதான் என் ஆத்திரம்.

குளிர்காலத்தில் மாலை 4:30க்கே மூடிவிடுவார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதையும் நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்குப் பிறகுதான் கொலோசியத்தில் நுழைய நேரம் கிடைத்தது என்றால், ஃபோரத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வருவது

2023 முதல் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். குடும்பத்தில் எல்லோர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள்.

அரங்கத் தளத்துக்குக் கீழே உள்ள நிலவறையும் இதே டிக்கெட்டில் உண்டு என்று நினைப்பது

இல்லை. அதற்குத் தனி டிக்கெட், அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மெட்ரோ வாசலில் டிக்கெட் வாங்குவது

வேண்டாம்.

பழைய ரோமானியப் படைவீரர் வேஷம் போட்டு நிற்பவர்களோடு படம் எடுப்பது

எடுத்த பிறகு காசு கேட்பார்கள். தொகையை முன்னாலேயே பேசிவிடுங்கள், இல்லையென்றால் விலகிப் போங்கள்.